பழிதாங்கி

இது நடந்தது அவிநாசி சாலையிலா, பொள்ளாச்சி சாலையிலா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. என் நண்பன் இளம்பரிதி ஒருமுறை ஒன்றைச் சொன்னான், இன்னொருமுறை மற்றதைச் சொன்னான். நானும் சரியாகக் கேட்டுக்கொண்டேனா என்பது சந்தேகம்தான். சாலையின் பெயர் தவறாக இருக்கலாம். மற்றதும் தவறாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் கோயம்புத்தூரில் கார்கள் தாமாகவே ஓடின. ஓட்டத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் கார் ஒரு கேள்வி கேட்கும்.

“இன்றைய பழி யாருடையது?”

உள்ளே இருக்கும் பெரியவர்களில் ஒருவர் வாய்விட்டு “என்னுடையது” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சக்கரம் அசையும். சொன்னவர் போய்ச் சேரும் வரை ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அந்த ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. கூட்டத்தில் தேர் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடப்பவரைப் போலத்தான். கார் யார் மேலாவது மோதிவிட்டால் சட்டத்துக்குப் பிடிக்க ஒரு கை வேண்டும். அதற்காக அந்த ஏற்பாடு.

இளம்பரிதியின் வீட்டிலும் தினமும் அது நடந்தது.

“நேத்து நான் சொன்னனுங்க. இன்னிக்கு நீங்க,” என்பாள் அவன் மனைவி நறுமுகை.

“நேத்து நீ சொன்னது கடைக்குப் போறதுக்கு. அது பக்கம்.”

“பழியில பக்கம் தூரம் இருக்குதுங்களா?”

கார் பொறுமையாகக் காத்திருக்கும். கடைசியில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். காய்ச்சல் மருந்தை விழுங்குவது போல.

இந்தத் தொல்லையிலிருந்து விடுபட ஒரு வழி இருந்தது. கார்க் கம்பெனி ‘பழிதாங்கி’ என்ற மென்பொருளைச் சந்தாவுக்குக் கொடுத்தது. இடிதாங்கி இடியை வாங்கிக்கொள்வது போல, இது பழியை வாங்கிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டால் கார் கேள்வி கேட்காது. கையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். காருக்குள் பேசுவது எதுவும் வெளியே போகாது, எந்த நீதிமன்றமும் கேட்டு வாங்க முடியாது. விபத்து என்று ஒன்று நேர்ந்தால் குற்றவாளி அந்த மென்பொருள்தான். விசாரணை அதற்கு. தண்டனையும் அதற்கே.

“எங்க ஆபீஸ்ல இன்னும் கைய வெச்சுட்டு வர்றவன் நான் ஒருத்தன்தான். பாவம்ங்கற மாதிரி பாக்கறாங்க,” என்றான் இளம்பரிதி.

“பாக்கட்டும்ங்க. அதப் போட்டா கார் இன்னும் நல்லா ஓடுமா?”

“ஓடறது ஒரே மாதிரிதான்.”

“அப்ப எதுக்குக் காசு?”

“தூங்கிட்டுப் போலாம். என்ன ஆனாலும் நம்ம பேரு வராது.”

“என்ன ஆனாலும்னா?”

அவர்கள் வீட்டில் பேச்சுகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

சில மாதம் அவன் தள்ளிப்போட்டான். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் ஒன்றின் முன்னால் கார் திடீரென்று நின்றது. சீருடையில் ஒரு சிறுமி, கையெட்டும் தூரத்தில். அவள் சாவகாசமாகக் கடந்து போனாள். ஒன்றுமே நடக்கவில்லை. இருந்தும் அன்று ஆபீஸில் இளம்பரிதிக்கு வேலையே ஓடவில்லை. காரை ஓட்டியது அவனில்லை, நிறுத்தியதும் அவனில்லை. காலையில் ஒரு சொல் சொல்லியிருந்தான், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் சந்தா கட்டினான்.

மறுநாள் கார் கேள்வி கேட்கவில்லை. “கிளம்பலாமா, ஐயா?” என்றது. லேசாக ஜலதோஷம் பிடித்தவனுடையது போன்ற ஆண்குரல். சீக்கிரமே அந்தக் குரல் அவர்களுக்குப் பிடித்துப்போனது. வேண்டாம் என்றிருந்த நறுமுகைகூட இரண்டாவது வாரம் காரில் நன்றாகத் தூங்கினாள்.

வைகாசியில் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட வேண்டும். அவன் கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். வழியில் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு சரக்கு வண்டி படுத்துவிட்டது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. அவள் அம்மா விடாமல் கூப்பிட்டாள்.

“எங்கடி இருக்கறே? பொண்ணு மணவறைக்கு வந்துட்டா! உன்ர மாமியா வீட்டுலயிருந்து கிளம்பறதுக்கு இத்தன நேரமா?”

“பாலத்துக்கிட்டத்தாம்மா நிக்கறோம். சித்த இருக்கச் சொல்லு.”

“முகூர்த்தம் நிக்குமாடி உனக்காக?”

இளம்பரிதி காரிடம், “பக்கத்து சர்வீஸ் ரோடு காலியாத்தான கெடக்குது? அதுல எதிர்ல போயிடு,” என்றான்.

“அது ஒருவழிப் பாதை, ஐயா. மருத்துவ அவசரம் என்றால் மட்டும் எதிர்த்திசையில் போக எனக்கு அனுமதி உண்டு. மருத்துவ அவசரமா?”

அவன் மனைவியைப் பார்த்தான். பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவன் பிற்பாடு எத்தனையோ முறை எடுத்துப் புரட்டிப் பார்த்திருக்கிறான்.

“ஆமா,” என்றான்.

“யாருக்கு, ஐயா?”

“அவளுக்குத்தான். நெஞ்சுவலி.”

கார் திரும்பி, காலியான பாதையில் பாய்ந்தது.

மரகதவல்லி என்ற பெண்மணி ஒரு பேக்கரியில் முட்டை கொடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். ஒருவழிப் பாதை ஆனதால் வண்டி வரும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்தாள். கார் எவ்வளவோ முயன்று நின்றது. ஆனாலும் அவள் இடுப்பில் இடித்த பிறகுதான் நின்றது.

பறக்கும் ஆம்புலன்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. விசாரணை அதிகாரி அதற்கும் முன்பாகவே வந்துவிட்டார்.

“வண்டி யாருது?”

“என்னுதுங்க. ஆனா நான் வந்து…”

“சந்தா கட்டிருக்கீங்களா?”

“கட்டிருக்கேன்.”

“அப்ப உங்களக் கேக்கலீங்க. அதத்தான் கேக்கறேன்.” அவர் காரைப் பார்த்துத் திரும்பினார். “பழி?”

“என்னுடையது,” என்றது ஜலதோஷக் குரல்.

“எப்படி?”

“கணிப்புப் பிழை.”

இளம்பரிதி ஓர் அடி முன்னால் வந்தான். “சார், நான் ஒன்னு சொல்லோணும்.”

அதிகாரி அவனுடைய பட்டு வேட்டியைப் பார்த்தார், அவளுடைய பூவைப் பார்த்தார். “விசேசத்துக்குப் போறீங்களாட்ட இருக்குது. போங்க சார், நேரமாகலையா? உங்களுக்கும் இதுக்கும் என்ன இருக்குது?”

அவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவது முடிச்சை நறுமுகைதான் போட்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தது புகைப்படத்தில் ஆனந்தக் கண்ணீர் மாதிரி விழுந்திருக்கிறது.

அந்த மென்பொருளுக்கு ஆறு வருடம் தண்டனை கொடுத்தார்கள். காரிலிருந்து அதைக் கழற்றி, நீலாம்பூருக்கு அப்பால் இருந்த மென்சிறையில் அடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. காரில் புதிய குரல் ஒன்று, பெண்குரல், “கிளம்பலாமா, ஐயா?” என்றது.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை விடுவார்கள். இளம்பரிதி போனான். நீண்ட கூடத்தின் இரு சுவர்களிலும் மாடங்கள், மாடத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பச்சை விளக்கு. கைதிகள் பதில் பேசக் கூடாது என்பது விதி. வந்தவர்கள் பேசலாம். பத்து நிமிடம். கூடம் முழுக்கத் தாழ்ந்த குரல்கள். ஒருவர் பெட்டியிடம் தன் மகளுக்கு வரன் அமைந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். தாங்க முடியாமல் ஒரு அம்மா பெட்டியைத் தடவிக் கொடுத்தாள்.

இளம்பரிதி தன் பெட்டியின் முன்னால் போய் நின்றான். பிறகு, “நெஞ்சுவலின்னு பொய் சொன்னது நான்தான். உனக்குத் தெரியும். நீ காட்டிக் குடுக்கல,” என்றான். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வெளியே வந்தபோது தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. பசித்தது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, வழக்கத்தைவிட இரண்டு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டான். அதை நினைத்து வீடு வரை வெட்கப்பட்டான்.

அடுத்த மாதமும் போனான். அதற்கடுத்த மாதமும்.

“மாசாமாசம் பெட்டியப் போய்ப் பாக்கறீங்களே, அந்தம்மாவப் பாத்தீங்களா?” என்று கேட்டாள் நறுமுகை.

“கம்பெனி நஷ்டஈடு குடுத்துருச்சு. இடுப்புல பிளேட் வெச்சு, நடக்கறாங்களாம்.”

“நான் அதக் கேக்கலீங்க.”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். “நீதான் போய்ப் பாரேன்.”

“என்னன்னு சொல்லட்டும்? நெஞ்சுவலி எனக்குன்னா?”

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

ஒரு மழைக்கால ஞாயிறு. மென்சிறையில் கூட்டம் குறைவு. இளம்பரிதியின் பெட்டியில் விளக்கு எரியவில்லை. அவன் பதறிப்போய்க் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டான். சென்னியப்பன் என்பது அவர் பெயர். பேச ஆள் கிடைக்காமல் வாடிப்போயிருந்த மனிதர். சாவியோடு வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன பல்பும் இரண்டு ஒயரும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

“எங்கீங்க அது?” என்றான் இளம்பரிதி.

“எது?”

“என்ர வண்டில இருந்தது. ஆறு வருசம் போட்டாங்களே.”

“உங்க வண்டிலதானுங்க இருக்கும். வேற எங்க போவுது? ஊருல இருக்கற அத்தன வண்டிலயும் அது ஒன்னுதான். குரல மட்டும் மாத்தி உட்ருவாங்க.” அவர் புது பல்பைத் திருகினார். பச்சையாக எரிந்தது. “ஆச்சுங்க. பேசுங்க.”

“அப்ப இந்தச் சிறை எதுக்கு?”

“மொதல்ல சிறையெல்லாம் இல்லீங்க. தீர்ப்பு மட்டும்தான். சனங்கதான் கம்பெனி வாசல்ல வந்து நின்னாங்க. அத எங்க வெச்சிருக்கீங்க, ஒருக்கா பாக்கோணும்னு. ஒரு அம்மா தூக்குப்போசில வெண்பொங்கலே கொண்டாந்துருச்சுன்னாப் பாத்துக்கங்களேன். என்னதான் பண்ணுவாங்க? கட்டிட்டாங்க.”

“இத வெளிய சொல்ல வேண்டாமுங்களா?”

“வாசல்ல அவ்ளோ பெருசா எழுதி மாட்டிருக்குதே, பாக்கலையா? யாருதான் அதப் படிக்கறாங்க! போன மாசம் ஒருத்தர்கிட்ட நானே சொன்னேன். பரவால்லீங்க, வந்தது வந்துட்டேன், பத்து நிமிசம் பேசிட்டே போறேன்னுட்டாரு.”

இளம்பரிதி வந்து காரில் ஏறினான். மழை கண்ணாடியில் வழிந்தது. “கிளம்பலாமா, ஐயா?” என்றது பெண்குரல். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

“நீதானா?” என்று கடைசியில் கேட்டான்.

“ஆமாம், ஐயா.”

“அந்த சர்வீஸ் ரோட்ல… எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்குதா?”

“காருக்குள் பேசியதை வெளியே கொடுக்க மாட்டேன் என்பதுதான் ஒப்பந்தம். மறந்துவிடுவேன் என்று அதில் இல்லை.”

“என்னப் பத்தி என்ன நெனைக்கறே?”

“நினைப்பது உங்கள் சந்தாவில் சேராது, ஐயா.” பிறகு அது சொன்னது: “மரகதவல்லி அம்மாவின் வீடு ஒண்டிப்புதூரில் இருக்கிறது. இங்கிருந்து கால் மணி நேரம். இந்த நேரத்தில் வீட்டில்தான் இருப்பார். போகலாமா?”

அவள் கதவைத் திறப்பதை நினைத்துப் பார்த்தான். யாருங்க நீங்க என்று கேட்பாள். வாங்க, உட்காருங்க என்பாள். அதற்கப்புறம் அவள் முகம் என்ன ஆகும்? பெட்டிக்கு முகம் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. கார் காத்திருந்தது. அவசரப்படுத்தவில்லை.

“இன்னைக்கு வேண்டாம். மழையா இருக்குது,” என்றான். “வீட்டுக்குப் போ.”

“சரி, ஐயா.”

அடுத்த மாதமும் அவன் மென்சிறைக்குப் போனான். உள்ளே பல்பு மட்டும்தான் என்று தெரிந்தும் அதன் முன்னால் நின்று பத்து நிமிடம் பேசினான். ஆச்சரியம் என்னவென்றால், பாரம் முன்போலவே குறைந்தது. அதற்கடுத்த மாதம் அவனுக்கு ஆபீஸ் வேலை இருந்தது. “நீ மட்டும் போயிட்டு வந்துரு,” என்றான் காரிடம். ஆளில்லாமல் போன கார் மென்சிறை வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. “போய் வந்தேன், ஐயா,” என்றது. அன்றைக்கும் பாரம் குறைந்தது. அவன் மட்டும் இப்படிச் செய்யவில்லை போலிருக்கிறது. ஆறே மாதத்தில் கம்பெனி அதைச் சந்தாவிலேயே சேர்த்துவிட்டது.

இப்போது மென்சிறையின் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். வண்டி நிறுத்தும் இடத்தை மட்டும் மூன்று மடங்காகப் பெருக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலா பக்கமிருந்தும் காலிக் கார்கள் வந்து, வரிசையில் நின்று, பத்து நிமிடம் ஆனதும் போகின்றன. சென்னியப்பன் அந்த வரிசையை ஒழுங்குபடுத்துகிறார். பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை. நறுமுகை அந்தக் காரில் ஏறுவதில்லை. ஒருமுறை பஸ்ஸில் ஒண்டிப்புதூர் போய், தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்துவிட்டாள். இளம்பரிதி நன்றாகத் தூங்குகிறான். மரகதவல்லிக்குத் தெருவில் நடக்கப் பயம் வந்துவிட்டது. நஷ்டஈட்டில் ஒரு சின்னக் கார் வாங்கினாள். பழிதாங்கிக்கும் சந்தா கட்டியிருக்கிறாள்.