நாலு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை

ஏழாம் அறையின் மேசைமேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. மே மாதம் பட்டாபிராமன் இறந்ததிலிருந்து அந்த அறையில் யாருமே இல்லை. தவிர, மணி நாலே கால். நாலு மணிக்கு மேல் எந்தக் கட்டிலருகிலும் தண்ணீர் இருக்கக்கூடாது என்பது ஜோசலின் போட்ட விதி.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்த அந்த முதியோர் இல்லத்தில் பதினோரு பேர் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். இரவுக்கு ஒரே ஓர் ஆயா. சாயங்காலம் குடித்தால் ராத்திரி படுக்கை நனையும், நனைந்தால் மாற்ற ஆள் கிடையாது. இருபது வருடம் நர்ஸாக இருந்து நிர்வாகியான ஜோசலினுக்கு அது பெரிய தப்பாகப் பட்டதில்லை. மறுநாள் காலை தரச் சான்றிதழ் தரும் குழு ஆய்வுக்கு வருகிறது. யாருக்கு எவ்வளவு தண்ணீர் கொடுத்தார்கள் என்ற பதிவேட்டைக் கோடை முழுவதற்கும் அவளே உட்கார்ந்து நிரப்பி, சற்று முன்தான் எழுந்திருந்தாள். கடைசியாக எழுதியது பட்டாபிராமனின் கடைசி நாள். மாலை ஆறு மணி, இருநூறு மில்லி, விரும்பிக் குடித்தார்.

அன்றைக்கு அவர் தண்ணீர் கேட்டது அவளுக்கு மறக்கவில்லை. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். கெஞ்சும்போதும் மரியாதை குறையாது. காலையில் தருகிறேன் சார் என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். விடிந்தபோது அவர் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கறுத்திருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கோடையில் அப்படிப் போனவர்கள் மூன்று பேர்.

ஆயா செல்லம்மாவைக் கூப்பிட்டு, டம்ளரை யார் வைத்தது என்று கேட்டாள்.

“அந்த ரூமாண்ட நான் போறதே இல்ல மேடம்.” செல்லம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அவரு இன்னும் தண்ணி கேட்டுகினுதான் கீறாரு.”

ஜோசலின் அவளைத் திட்டி அனுப்பிவிட்டுத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டினாள். தண்ணீர் சுழன்று இறங்கும்போதே அவள் தொண்டைக்குள் ஏதோ ஒன்று, வெயிலில் போட்ட துணி விறைப்பதுபோல, மெல்ல இறுகியது.

ஆறு மணிக்குச் செல்லம்மா பஸ்ஸுக்குக் கிளம்பினாள். இரவு ஆயா வர ஏழாகும். அதற்குள் ஜோசலின் இரண்டு பாட்டில் குடித்திருந்தாள். வயிறு கனத்ததே தவிர நாக்கில் ஈரம் படவில்லை. சமையலறையில் கேனைச் சாய்த்து வாய் வைத்துக் குடித்தாள். தண்ணீர் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் ஓடியது. உதடு மட்டும் காய்ந்து பிளந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது; தகரக் கூரையில் அது இரைந்து கொட்ட, ஜன்னல் வழியாக மண்வாசனையும் சாக்கடை நாற்றமும் சேர்ந்து வந்தன. எங்கே பார்த்தாலும் தண்ணீர். அவள் முற்றத்தில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். துளிகள் நாக்கில் மணலாக விழுந்தன.

கரண்ட் போனது.

உள்ளே வந்தபோது பதினோரு பேரும் விழித்திருந்தார்கள். மங்கிய வெளிச்சத்தில், அவள் நடக்க நடக்க, தலையணைகளில் முகங்கள் மட்டும் திரும்பின.

ஏழாம் அறையில் டம்ளர் மறுபடி நிறைந்திருந்தது.

அதையும் குடித்தாள். விழுங்கிய கணமே முழங்கால் மடிந்தது. கட்டிலில் சாய்ந்தாள். கையைத் தூக்கப் பார்த்தாள். விரல்கூட அசையவில்லை. யாரையாவது கூப்பிட நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தை விட்டு வரவில்லை.

கதவருகே செருப்பில்லாத கால்கள் தரையில் உரசின.

மூன்று பேர். முதலில் பட்டாபிராமன், அதே வெள்ளைப் பனியன், ஒட்டிய கன்னம். பின்னால் மற்ற இருவர். மழைச் சத்தத்தையும் மீறி அவர்களுடைய வாய்கள் திறந்து மூடுவது கேட்டது. உலர்ந்த, ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். கட்டிலைச் சுற்றி வந்து நின்றார்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப் பார்த்தாள். குரல் இல்லை. பயத்தில் கண் நிறைந்தது. ஒரு சொட்டு வலது கண்ணோரம் திரண்டு கன்னத்தில் இறங்கியது.

மூன்று தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

பட்டாபிராமன் குனிந்தார். காய்ந்த தோல்போன்ற நாக்கு அவள் கன்னத்தைத் தொட்டு, அந்த ஈரத்தின் தடத்தில் மெதுவாக மேலேறி, கண்ணின் ஓரத்தில் வந்து நின்றது. இரண்டாமவர் இடது கண் பக்கம் குனிந்தார். மூன்றாமவர் தன் முறைக்குக் காத்து நின்றார்.

அழக்கூடாது. அழவே கூடாது.

“இன்னும் கொஞ்சம் குடுங்கம்மா,” என்றார் பட்டாபிராமன், முன்போலவே மரியாதையாக.

அவள் கண் மீண்டும் நிறைந்தது.