ஜெபராணியின் ஒப்புதல்

காலை அணிவகுப்பில் ஜெபராணி இயங்குகவசத்துக்குள் ஏறி நின்றதும் அது தானே பூட்டிக்கொண்டது. "தயாரா, தோழர்?" என்று காதருகே கவசத்தின் குரல் கேட்டது. "ஆம்," என்றாள். மக்கள் காவல் படையில் சேர்ந்ததிலிருந்து அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

நடப்பதும் தடியை ஓங்குவதும் கவசத்தின் வேலை. ஆனால் புரட்சி அரசின் முதல் சட்டப்படி, உழைப்பவர்மீது இயந்திரம் தானாகக் கைவைக்கக் கூடாது. ஒரு மனிதர் ஒப்புதல் தர வேண்டும். அதற்காகத்தான் உள்ளே ஓர் ஆள்.

அன்று உப்பளத்தில் மறியல். உச்சிவெயிலில் வேலை வேண்டாம் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். தொழிலாளர் அரசை எதிர்த்துத் தொழிலாளர் போராடுவதாவது என்றது அமைச்சகம். கவச வரிசை முன்னேறியதும் கூட்டம் சிதறியது. ஒரு பெண் மட்டும் பாத்தி வரப்பில் வழுக்கி, ஜெபராணியின் காலடியில் விழுந்தாள். உப்பு அரித்து வெடித்த கைகளால் தலையை மூடிக்கொண்டாள்.

"வழி மறிப்பவர். தாக்கலாமா?" என்றது கவசம்.

ஜெபராணி கீழே கிடந்தவளைப் பார்த்தாள். காதருகே தளபதி இசக்கியப்பனின் குரல் வந்தது. "என்ன தோழர், பதிலைக் காணோம்?"

"அந்தம்மா விழுந்து கெடக்காங்க, தோழர்."

"சட்டப்படிதான கேக்குது? ஆம்னு சொல்லுங்க."

"சட்டப்படிதான் நானும் இல்லைங்கிறேன்."

ஒப்புதல் கிடைக்காத கவசம் அப்படியே உறைந்தது. உள்ளேயிருந்த ஏசியும் அணைந்தது. வரிசை அவளை விட்டு முன்னே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இரும்பு சுட்டது, மூச்சு முட்டியது. அவள் கத்தியது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

விழுந்தவள் எழுந்து, முகக் கண்ணாடியில் கண்ணை ஒட்டிப் பார்த்தாள். "ஏ, உள்ள ஒரு பொம்பளப்புள்ள சாகக் கெடக்கு! கடப்பாரய எடுத்துட்டு வாங்க!"

ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். நெம்பித் திறந்து அவளை வெளியே இழுத்துப்போட்டு, முகத்தில் தண்ணீர் அடித்தார்கள்.

கவச வரிசை திரும்பி வந்தது. இம்முறை யாரும் ஓடவில்லை. நிற்க முடியாத ஜெபராணியைச் சுற்றி நின்றார்கள். கீழே கிடந்தபடி அவள் பார்த்தாள். எல்லாக் கவசமும் ஒன்றுபோல் இருந்தது. உள்ளே யார் யாரென்று தெரியவில்லை.

"எஸ்தர்!" என்று தன் படைத் தோழர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "சுடலைமணி அண்ணே! பாத்திமா!"

தடிகள் உயர்ந்தன. பிறகு வரிசையின் நடுவில் ஒரு கவசம், ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டது.

"கடப்பாரயக் குடு," என்று வரப்பில் விழுந்திருந்த அந்தப் பெண் அதை நோக்கி ஓடினாள்.