சந்தனப் பொட்டு வைத்த சுவர்

அடுப்படியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நித்தியா அதை அணைத்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்திருந்தாள்.

பல்லியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து எது நடந்தாலும் பழி பல்லியின் தலையில்தான். ஈஜோக் ஊரில் செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டுக் கட்டிய புது வரிசை வீடு. அவள் கணவன் முகுந்தனுக்குச் சுவர் சுவராகவே இருக்க வேண்டும். சுவிட்சு ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. எல்லாவற்றையும் பூச்சுக்கும் பலகைக்கும் அடியில் புதைத்துவிட்டான். விரலால் தொட்டால் விளக்கு எரியும், தள்ளித் தொட்டால் காற்றாடி சுற்றும். எங்கே தொடுவது என்பதுதான் யாருக்கும் பிடிபடாது. இருட்டில் சுவரைத் தடவித் தடவி அலுத்துப்போன நித்தியா, தன் தோள் உயரத்தில் இருந்த அந்த இடங்களிலெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். முகுந்தனுக்கு முகம் சுண்டிப்போனது. சுண்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

"குச்சியால குத்துனாலும் எரியாது, துணி பட்டாலும் எரியாது," என்று அவன் பெருமையாகச் சொல்வான். "உயிருள்ளது தொடணும்லா. பல்லியும் உயிர்தானே!"

இன்று உஷாராணியின் திதி. முகுந்தனின் மூத்த மனைவி அவள். பிள்ளை பிள்ளை என்று ஏங்கி, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, கடைசியில் டிங்கிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். இரண்டாவதாக வந்தவள் மூத்தவளுக்குப் புதுச் சேலை வைத்துப் படைக்க வேண்டும் என்பது குடும்ப வழக்கம். நித்தியா அதில் ஒரு வருடமும் குறை வைத்ததில்லை. பயம்தான் காரணம் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் ஷர்மினி பிறந்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியிருந்தது.

ராவாங்கில் வேலை முடிந்து கிளம்பிய முகுந்தன் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கும் நேரம் தாண்டக்கூடாதே என்று, ஷர்மினியைக் கூடத்துச் சோபாவில் தூங்கவிட்டு, அவள் தனியாகவே சாமி அறையில் படைத்தாள். உஷாராணியின் படத்துக்கு முன்னால் வாழையிலை, அதில் சோறு, மீன் குழம்பு, உளுந்து வடை; பக்கத்துத் தாம்பாளத்தில் மடிப்புக் கலையாத மாம்பழ நிறச் சேலை. சாம்பிராணிப் புகை அறையை நிறைத்தது. போனவர்கள் சாப்பிடும்போது யாரும் பார்க்கக்கூடாது. பொட்டைத் தொட்டு விளக்கை அணைத்தாள். வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் உட்கார்ந்தாள். ஓடைத் தண்ணீர் நிரம்பி வழியும் சத்தமும், வாசல் தகரக் கூரையில் மழை அறையும் சத்தமும், அதற்கும் அடியில் மெல்லியதாக, வறண்ட உள்ளங்கையால் சுவரைத் தேய்ப்பது போன்ற ஓர் ஒலியும் கேட்டன. காது கொடுத்துக் கேட்டாள். சாமி அறைக்குள்ளிருந்துதான் வந்தது. கொஞ்ச நேரம் தேய்க்கும், நிற்கும், சற்றுத் தள்ளி மறுபடியும் தேய்க்கும். அந்தத் தடவல் அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். வந்த புதிதில் அவளும் இப்படித்தான் இருட்டில் தேடினாள்.

கதவின் அடி இடுக்கில் வெளிச்சம் வந்தது.

அணைந்தது.

மறுபடியும் வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று சோபாவின் பக்கம் திரும்பினாள். ஷர்மினி படுத்திருந்த போர்வை மட்டும் சுருண்டு கிடந்தது.

"அம்மா." சாமி அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. படைக்கும்போதே பின்னால் வந்து நுழைந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நித்தியா ஓடினாள். படையல் அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். போனவர்கள் இன்னும் உள்ளே இருந்தால் விலகிக்கொள்வதற்காக. சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம், கை தானாக எழுந்து இரண்டு தட்டுத் தட்டியது.

கதவுக்குள் பூட்டு விழுந்தது.

ஷர்மினி விளக்கோடும் தீப்பெட்டியோடும் விளையாடுகிறாள் என்று முகுந்தன் அந்தக் கதவிலும் தொடுபூட்டை ஒளித்து வைத்திருந்தான். வெளியே இரண்டு தட்டினால் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு உள்ளே சுவரில் அதற்கென இருக்கும் பொட்டைத் தொட்டுக் கையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் போன் வேண்டும். அவளுக்கு எல்லாமே தெரியும். தெரிந்தும் தட்டிவிட்டாள்.

அவனைப் போனில் அழைத்தாள். "என்னங்க, சாமி ரூம தொறங்க! பாப்பா உள்ள மாட்டிக்கிட்டா!"

"இரு, இரு. போன்ல தொறக்குறேன்." மழைச் சத்தம். "தொறக்க மாட்டேங்குதுலா. உள்ள யாரோ பூட்டு மேல விரல வெச்சு அமுத்திக்கிட்டே இருக்காங்கன்னு காட்டுது. கைய எடுக்கச் சொல்லு பாப்பாவ!"

"அவளுக்கு எட்டாதுங்க."

லைன் போய்விட்டிருந்தது.

"ஷர்மினி! கண்ணு! அம்மா இங்கதான் இருக்கேன். அந்தப் பொட்டுல யாரு கை வெச்சிருக்கா?"

"பெரியம்மா." வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னாள். "வடை குடுத்தாங்க."

நித்தியா தரையில் விழுந்து, கன்னத்தைத் தரைக்கல்லில் ஒட்டி, கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வெளிச்சம். சிதறிய சோற்றுப் பருக்கைகள். மகளின் சின்னப் பாதங்கள். அவற்றுக்கு எதிரே மாம்பழ நிறச் சேலை. மடிப்பு கலைந்திருந்தது. கொசுவம் தரையைத் தொட்டு நின்றது. அதற்குக் கீழே பாதங்கள் இல்லை.

"அக்கா," என்று கெஞ்சினாள். "அக்கா, ஒங்களுக்கு நான் என்ன கொற வெச்சேன்? எம்புள்ளய விட்டுருங்கக்கா."

சேலை குனிந்தது.

ஷர்மினியின் குதிகால்கள் தரையை விட்டு எழுந்தன. பிறகு விரல்கள். பிறகு ஒன்றுமில்லை. சோற்றுப் பருக்கைகள் மட்டும்.

விளக்கு அணைந்தது.

அவள் எழவில்லை.

அப்போது, அவள் நின்றால் தோள் இருக்கும் உயரத்தில், கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு தட்டு. வெளியே இருப்பவர்கள் விலகிக்கொள்வதற்காக.

பூட்டு திறந்தது.