நிறம் ஒட்டாத இடம்

குடலிறக்க ஆபரேஷனுக்காக அந்தப் பழைய வார்டில் நான் போய்ப் படுத்த அன்று, மாற்றுத்துணிக்கு முன்பாக என் மனைவி பையிலிருந்து எடுத்து வைத்தது அவளுடைய வண்ணப் பெட்டியைத்தான். சோப்பு டப்பா அளவு இருக்கும். பேருந்து நிறுத்தமோ பல் டாக்டர் வாசலோ, எங்கே காக்க வைத்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஓர் அட்டையை எடுத்து, மையால் நாலு கோடு இழுத்து, தூரிகையைத் தண்ணீரில் தொட்டு நிறம் பூசிவிடுவாள்.

அன்று மதியம் எதிர்க்கட்டில் தச்சரை வரைந்தாள். துணைக்கு ஆளில்லாத மனிதர். அவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஸ்டூலின் மேல் மட்டும் நிறம் ஒட்டவில்லை. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. காய்ந்தபின் பார்த்தால் அங்கே வெள்ளையாக ஓர் உருவம். முழங்கால்களைச் சேர்த்து வைத்து, தச்சர் பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தது.

"உன் கையில எண்ணெய் இருந்திருக்கும்," என்றேன்.

காலையில் தச்சரின் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "நல்லாத்தான் பேசிட்டிருந்தார், பாவம்," என்றார் நர்ஸ்.

அன்று பக்கத்துக் கட்டில் டிரைவருடைய மனைவி சாப்பிடப் போயிருந்தாள். என் மனைவி சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அந்தக் காலி ஸ்டூலை வரைந்தாள். மறுபடி அதே வெள்ளை, அதே குனிவு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளைக் கேலி செய்தேன். மாலைக்குள் டிரைவரும் போய்ச் சேர்ந்தார்.

வரிசையில் அடுத்த கட்டில் என்னுடையது.

"இனிமே வரையாத. வரைஞ்சாத்தானே வருது?" என்று கிசுகிசுத்தேன்.

"வரையலைன்னா நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

ஸ்டூலை என் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு அவளே சொன்னாள். "காலி இடமா பார்த்துத்தான் உட்காருது. நான் எந்திரிக்கவே மாட்டேன்."

சொன்னபடி சாப்பாட்டுக்குக்கூட அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மதியம், ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த எங்கள் இருவரையும் வரைந்தாள். கட்டில், நான், ஸ்டூலில் அவள். நிறம் எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பிடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது.

ஸ்டூலின் கால் கிறீச்சிட்டது.

இன்னோர் ஆளின் பாரம் ஏறியது போல அவள் தோள் மெல்லக் கீழே இறங்கியது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். அதன் பிறகு அவள் பெட்டியைத் தொடவே இல்லை. "அலுப்பா இருக்கு," என்கிறாள். இன்று மதியம் அவள் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பொழுது போகாமல் அந்தப் பெட்டியை நான் எடுத்தேன். என் கோடுகள் கோழி கிளறிய மண் மாதிரிதான் இருந்தன. ஆனாலும் திரைச்சீலையில் பச்சை பிடித்தது. நாற்காலியில் பழுப்பு பிடித்தது.

அவள் தோளில் நீலம் வைத்தேன்.

உருண்டு ஓடியது.

கையைச் சட்டையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தில் வைத்தேன்.

அதுவும் ஓடியது.

நிமிர்ந்து பார்த்தேன். சாய்ந்து தூங்கியவள் இப்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்து, என் பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியபடியேதான் இருந்தன.

"உங்க கையில எண்ணெய் இருந்திருக்கும்," என்றாள்.