இன்ஜின் மேல் ஈரச்சட்டை

மர்வாவின் அலறலில் பாம்பன் கரைக் காக்கைகள் கலைந்து பறந்தன.

கார் பட்டறைத் தரையில் அவள் கணவன் சுஐபு கிடந்தான். பின்மண்டை உடைந்து... பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பேனர்!

ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் வந்தார். ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. முழங்கால் வலித்தது. கவிழ்ந்து கிடந்த பெயிண்ட் டின்னில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ எங்கம்மா இருந்த?"

"உள்ள... விடியக்கால பஜ்ரு தொழுதுட்டு இருந்தேன் சார்."

"பின்னாடி மீன் காயப்போடுற பொம்பளைக வண்டிச் சத்தமே கேக்கலங்குறாக. அப்ப வெளியாளு வரல. வீட்டுல நீ ஒருத்திதான்... கெளம்பும்மா."

"அல்லா! அவுகளை நானா?"

"எல்லாரும் இதத்தாம்மா கேக்குறாக."

சுஐபின் கூட்டாளி நுஃமான் பனியனோடு நின்று விசும்பினான். இருவரும் சேர்ந்து செய்த கார் வாசலில் நின்றது. டீசலும் கரண்டும் கலந்து ஓடும் கார். லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர்! அதை வாங்க கோயம்புத்தூர் கம்பெனி இன்றுதான் வருவதாக இருந்தது.

"நீ எப்ப வந்த?"

"இப்பத்தான் சார், அபிராமத்துல இருந்து. இந்த வண்டி லாஞ்சு மாதிரி கத்தும். முன்னாடியே வந்திருந்தா ஊருக்கே கேட்டிருக்குமே!"

"சட்டை எங்க?"

"பரமக்குடியில பஞ்சரு. சட்டையெல்லாம் சேறு. அலசி இன்ஜின் மேல போட்டேன். லாஞ்சு ஓட்டுன பழக்கம் சார்... கடல்ல அப்படித்தான் காயப்போடுவோம்."

மர்வாவின் அழுகை சட்டென்று நின்றது.

ஓடிப்போய் பானட்டைத் தூக்கினாள். சட்டையை எடுத்துப் பிழிந்தாள்.

சொட்... சொட்... தண்ணீர்!

"பரமக்குடியில இருந்து ரெண்டு மணி நேரம் இன்ஜின் மேல கெடந்த சட்டையா இது? இன்ஜினத் தொட்டுப் பாருங்க சார்!"

வீரபத்திரன் முனகிக்கொண்டே எழுந்தார். இன்ஜினில் உள்ளங்கையை வைத்தார்.

ஜில்லென்று இருந்தது!

நுஃமானின் முகம் வெளுத்தது.

"அது... பேட்டரியில வந்தேன் சார். இன்ஜினே போடல!"

"பேட்டரியில வந்தா சத்தம் கேக்குமா?"

"கேக்கா..."

பாதியில் நிறுத்தினான். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது!

"பேட்டரி எட்டு கிலோமீட்டருதான் தாங்கும் சார்," என்றாள் மர்வா. "அப்புறம் இன்ஜின் ஓடித்தான் கரண்டு குடுக்கணும். அபிராமம் நூறு கிலோமீட்டரு. நுஃமான் காக்கா... உங்கள அண்ணனா நெனச்சேனே! நீங்க ராத்திரி தங்குனது இங்கன பக்கத்துலதானே?"

நுஃமான் தரையில் சரிந்தான்.

"கம்பெனிக்கு விக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான் சார்... ரத்தம் சட்டையில தெறிச்சிருச்சு. அலசுனேன். கை தானா இன்ஜின் மேல போட்டுருச்சு..."

மர்வா ஈரச்சட்டையைக் கீழே போட்டாள். பட்டறைக்குள் நடந்து, கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். 'கெளம்பும்மா' என்று இனி அவளை எழுப்ப யாருக்கும் வேலையில்லை.

வீரபத்திரன் கொட்டாவி விட்டார்.

"ஏலே, ஜீப்புல ஏறு. இது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டருதான் குடுக்கும்... ஆனா நீ ஜெயிலுக்குப் போறது ஊருக்கே கேக்கும்!"