மஞ்சள் தெரிந்தால் நில்!

"தம்பீ...!"

அலறல் தொழிற்சாலை ஷெட்டின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

கேபினிலிருந்து இரும்பு ஏணியில் விழாத குறையாக இறங்கி ஓடி வந்தார் கிரேன் ஆபரேட்டர்.

சங்கிலியில் இரும்பு உத்தரம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அதனடியில் குப்புறக் கிடந்தான் அவருடைய ஒரே தம்பி. இன்ஷூரன்ஸ் சர்வேயர். தலையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் மேனேஜர்.

தம்பியின் தலையில்... மஞ்சள் ஹெல்மெட்!

ஆபரேட்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"மஞ்சள்னா என்ன?"

"விசிட்டர் சார். வெள்ளைன்னா எங்க ஆளு. மஞ்சள் கண்ணுல பட்டா கிரேனை நிறுத்திடணும்."

"நீ ஏன் நிறுத்தல?"

"மேலேர்ந்து பார்த்தா முகம் தெரியாது சார். கலர்தான் தெரியும். நான் பார்த்தது வெள்ளை! பெல் அடிச்சேன். எங்க ஆளுன்னா பெல் கேட்டதும் விலகிடுவான். இவன் குனிஞ்சபடியே நின்னான், விலகல... பிரேக் போட்டேன். தொங்குற இரும்பு நம்ம பேச்சைக் கேக்குமா சார்?"

"தம்பி வர்றது தெரியுமா?"

"தெரியும். காலைலேர்ந்து மஞ்சளைத்தானே தேடிக்கிட்டிருந்தேன்..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான் சார்!" மேனேஜர் குறுக்கிட்டார். "வீட்டைப் பாகம் பிரிக்கிறதுல ரெண்டு பேருக்கும் சண்டை. ஊருக்கே தெரியும்!"

"மத்த ஆளுங்க எங்க?"

"சாப்பாட்டு நேரம் சார்."

"என்னை மட்டும் இந்த உத்தரத்தை நகர்த்திட்டுச் சாப்பிடப் போன்னு சொன்னதே இவர்தான் சார்!" ஆபரேட்டர் கதறினார். "தீயில எரிஞ்சுதுன்னு இவர் க்ளெய்ம் கேட்ட மிஷின் பளபளன்னு இருக்காம். தம்பி நேத்துதான் போன்ல சொல்லிச் சிரிச்சான்..."

"செத்தவன் சாட்சிக்கு வருவானா?" என்றார் மேனேஜர்.

வர மாட்டான்.

ஆபரேட்டர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"விலங்கைப் போடுங்க சார். லீவரைப் பிடிச்சது இந்தக் கைதானே..."

இன்ஸ்பெக்டர் குனிந்து மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மண்டை பிளந்திருக்கு... ஹெல்மெட்ல ஒரு கீறல்கூட இல்லையே!"

"உயர்ந்த ரகம் சார்!"

"அப்படியா? அப்ப நீங்க இதை மாட்டிக்கிட்டு அதே இடத்துல குனிஞ்சு நில்லுங்க. இவர் மேலே ஏறி இன்னொரு தரம் ஓட்டட்டும்!"

மேனேஜர் பின்னால் நகர்ந்தார். வியர்வை சட்டையை நனைத்தது.

"சார்!" வெளியே சோதனை போட்டுக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் ஓடி வந்தார். "மேனேஜர் கார் டிக்கியில இருந்துச்சு!"

அவர் கையில்... இரண்டாகப் பிளந்த வெள்ளை ஹெல்மெட்! உள்ளே ரத்தம்!

"விசிட்டருக்கு வெள்ளையைக் குடுத்து, பெல்லைப் பத்தி மூச்சு விடாம, நடுவழியில நிக்க வெச்சிருக்கே. அண்ணன் ஏணியில இறங்கறதுக்குள்ள மாத்தியும் வெச்சுட்டே... இல்ல?"

மேனேஜரின் தலை தொங்கியது.

ஆபரேட்டர் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பொட்டு மஞ்சள் தெரிஞ்சிருந்தா நின்னிருப்பேனேடா..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார்.

'க்ளிக்!'

"சார்... ஸ்டேஷன்ல என்னை..."

"பயப்படாதே! எங்க இடத்துல விசிட்டரைத் தனியா விடற பழக்கமே கிடையாது!"