கொசு தொடாத சகலை

சின்ன மாப்பிள்ளையின் கழுத்தருகே வந்த கொசு, ஒரு விரற்கடை தூரத்தில் நின்று யோசித்தது. பிறகு திரும்பிப் போயிற்று.

கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்த பெரிய மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார்தான் சின்னவனைத் தாங்கு தாங்கு என்று தாங்குகிறாள் என்றால், முன்பின் தெரியாத இந்த வெப்ப நாட்டில் கொசுகூடவா அவனுக்கு மரியாதை காட்ட வேண்டும்?

சகலைகள் இருவரும் ஒரே கம்பெனி. இயந்திரம் பொருத்த வந்திருந்தார்கள். இருவரில் ஒருவருக்கு இங்கேயே கிளை மேலாளர் பதவி. பெரியவர் தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டு, விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களுக்கெல்லாம் சுகாதாரச் சொற்பொழிவு ஆற்றிவிட்டுத்தான் கிளம்பினார். கொதித்தாறிய நீர், மலேரியா மாத்திரை, முழுக்கைச் சட்டை, மூன்று ரகக் களிம்பு. சின்னவனோ அரைக்கால் சட்டையோடு குழாய்த் தண்ணீர் குடித்தான்.

போன வாரம் காய்ச்சலில் விழுந்தான். கட்டில் நடுங்கக் கிடந்தவனைப் பார்த்துப் பெரியவர் வெளியே உச்சுக் கொட்டினார். உள்ளே, மேலாளர் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். டாக்டரை நாளைக்குக் கூப்பிடலாம் என்று இருந்துவிட்டார். விடிந்தபோது நடுக்கம் நின்றிருந்தது. சின்னவன் எழுந்து, பல்கூட விளக்காமல் வேலைக்குப் போனான். அன்றிலிருந்து அவனைக் கொசு கடிப்பதில்லை.

அந்தி. மின்சாரம் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தேங்கிய நீரின் பாசி வாடை மெல்ல எழுந்து, களிம்பின் எலுமிச்சை நெடியோடு கலந்து, வியர்வையில் ஊறிய காலருக்குள் புகுந்துகொண்டிருக்க, அறை முழுக்க ஆயிரம் நூல்களை யாரோ இழுப்பதுபோல் ரீங்காரம் கனத்துக்கொண்டே வந்தது. நடுவில், வெறும் பனியனோடு சின்னவன். அவனைச் சுற்றி மட்டும் நிசப்தம்.

“சகலை, என்னதான் பூசுற? சொன்னா குறைஞ்சா போயிடுவ?”

“ஒண்ணும் பூசல அண்ணே.”

“ஆமா, உன் ரத்தம் மட்டும் கசக்குது பாரு. எங்கிட்டயே மறைக்கிற, இல்ல?”

“வந்து மோந்து பாருங்க.”

பெரியவர் வலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். களிம்பு வியர்வையில் எப்போதோ வழிந்துபோயிருந்தது. புழுக்கத்தில் சட்டையைச் சுருட்டிவிட்ட கைகளில் கொசுக்கள் கும்பலாக அமர்ந்தன. தட்டத் தோன்றவில்லை. குனிந்து மோந்தார்.

களிம்பு வாடை இல்லை. சோப்பு வாடை இல்லை. இந்தப் புழுக்கத்தில் வியர்வைகூட இல்லை.

விமான நிலையத்தில் தானே முழங்கியது நினைவுக்கு வந்தது: கொசு நம் மூச்சையும் உடல் சூட்டையும் வைத்துத்தான் நம்மைக் கண்டுபிடிக்கும்.

பனியனைப் பார்த்தார். ஏறவில்லை. இறங்கவில்லை. சின்னவன் பேச வாயைத் திறந்தபோது மட்டும் ஒரு முறை உப்பியது.

“உங்களுக்கும் வேணுமா அண்ணே?”

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் சின்ன மாப்பிள்ளைக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காமல் போவதா? அந்த எரிச்சல் பயத்தை முந்திக்கொண்டது.

“உனக்கு மட்டும் என்ன தனியா?” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அப்ப கையக் கொடுங்க.”

விரல்கள் மணிக்கட்டைச் சுற்றின. சூடில்லாத விரல்கள். குளிர் முழங்கைக்கு ஏறியது. தோளுக்கு. நெஞ்சுக்கு.

மூச்சை இழுத்தார். வரவில்லை.

கையில் மொய்த்திருந்த கொசுக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்று மட்டும், பாதி நிறைந்த சிவப்பு வயிற்றோடு, இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்தியது. ஊசியை உருவிக்கொண்டது. குடித்ததை அவர் தோலின் மேலேயே துப்பிவிட்டுப் பறந்தது.